சின்ன விமானம் மேலெழும்பும்போது நேரும் விபத்துகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வார இறுதிகளில் லைட் ஸ்போர்ட் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளும் தமிழ் நண்பர்களும், அவர்களை நினைத்துக் கவலைப்படும் வீட்டாரும் என்னிடம் கேட்டவை இவை. ஓடுபாதையில் ஓடத் தொடங்கியதிலிருந்து ஆயிரம் அடி உயரத்தைத் தொடும்வரை சுமார் ஒன்றரை நிமிடம் ஆகும். அந்த ஒன்றரை நிமிடத்தைப் பற்றி மட்டும்தான் இங்கே எழுதுகிறேன்.

லைட் ஸ்போர்ட் விமானம் என்றால் எது?

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ 2004-ல் உருவாக்கிய பிரிவு இது. தொடக்கத்தில் விதி இப்படி இருந்தது: அதிகபட்சம் இரண்டு இருக்கை, ஒரே இன்ஜின். கிளம்பும்போது மொத்த எடை 600 கிலோவைத் தாண்டக் கூடாது. தண்ணீரில் இறங்கும் வகை என்றால் 650 கிலோ. மட்டமாகப் பறக்கையில் முழு வேகம் 120 நாட் (ஒரு நாட் என்றால் மணிக்கு 1.85 கிலோமீட்டர்). ஸ்டால் வேகம், அதாவது அதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காத வேகம், 45 நாட்டுக்குள். பழைய பைப்பர் ஜே-3 கப் இதில் வரும். ஆர்வி-12, செஸ்னா ஸ்கைகேட்சர் போன்ற பிற்காலத்து விமானங்களும் வரும். 2025-ல் மோசைக் என்ற பெயரில் விதிகளை விரிவாக்கினார்கள். எடை வரம்பு போய், ஸ்டால் வேகம் முக்கிய அளவுகோல் ஆகிவிட்டது. ஆனாலும் பயிற்சிக் களங்களில் நீங்கள் பார்க்கும் விமானங்களில் பல இன்னும் அந்த 600 கிலோ அளவுக்காரர்கள்தான்.

ஸ்போர்ட் பைலட் உரிமத்துக்குக் குறைந்தபட்சம் 20 மணி நேரப் பறப்பு போதும். தனியார் விமானி உரிமத்துக்கு 40. பாதி நேரத்தில் உரிமம் கிடைக்கிறது என்பதால் விமானமும் பாதி ஆபத்துதான் என்று சிலர் நினைத்துக்கொள்கிறார்கள். மேலெழும்பும் கட்டத்தில் அப்படி எந்தச் சலுகையும் இல்லை.

ஸ்டால் என்றால் இன்ஜின் நின்றுபோவதா?

இல்லை. காரில் கிளட்சைச் சட்டென்று விட்டால் வண்டி ‘ஆஃப்’ ஆகுமே, அதை நினைத்துக்கொண்டு கேட்கிறார்கள். விமானத்தில் ஸ்டால் என்பது இறக்கையின் விஷயம். மூக்கை அளவுக்கு மீறித் தூக்கினால், இறக்கையின் மேல் வழுக்கிச் சென்றுகொண்டிருந்த காற்று பிய்த்துக்கொண்டு போகும். தூக்கும் விசை சரியும். இன்ஜின் முழு மூச்சில் உறுமிக்கொண்டிருக்கும்போதும் இது நடக்கும். மீள ஒரே வழி மூக்கைக் கீழே விடுவது. மூவாயிரம் அடியில் அது சாதாரணப் பயிற்சி. இருநூறு அடியில் அதற்கு இடமில்லை.

பறக்கும் நேரம் முழுக்க இருக்க, ஏன் கிளம்பும்போது இவ்வளவு பயம்?

விமானத்துக்கு மூன்று சேமிப்புகள் உண்டு: உயரம், வேகம், இன்ஜின் சக்தி. நடுவானில் மூன்றும் கையில் இருக்கும். கிளம்பிய சில வினாடிகளில் உயரம் இல்லை, வேகம் கொஞ்சம், இன்ஜினை மட்டுமே நம்பி மேலே போகிறோம். அதுவும் மூக்கைத் தூக்கிய நிலையில். அந்த நேரம் பார்த்து இன்ஜின் நின்றால், வேகம் கரைவதை நீங்கள் கண்ணால் பார்க்கலாம்.

சின்ன விமானத்தில் இது இன்னும் மோசம். பாரம் ஏற்றிய லாரியை நியூட்ரலில் விட்டால் வெகுதூரம் உருளும். சைக்கிளில் மிதிப்பதை நிறுத்திவிட்டு எதிர்காற்றில் போய்ப் பாருங்கள். 600 கிலோ விமானம் அந்தச் சைக்கிள் மாதிரி. வேகத்தைத் தக்கவைக்கும் கனம் அதனிடம் இல்லை. ஆகவே இன்ஜின் சத்தம் குறைந்த கணமே, மூக்கை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ஸ்டிக்கை முன்னால் தள்ளியாக வேண்டும். ‘என்ன ஆச்சு’ என்று டயல்களைப் பார்க்கக்கூட நேரம் எடுத்துக்கொள்ளக் கூடாது. மனித இயல்போ நேர் எதிர்: தரை நெருங்குகிறது என்றதும் கை ஸ்டிக்கைத் தன் பக்கம் இழுக்கும். அந்த இழுப்பைத்தான் பயிற்சியில் அடித்து அடித்துத் திருத்த வேண்டியிருக்கிறது.

இன்ஜின் நின்றால் பின்னாலேயே ஓடுபாதை இருக்கிறதே, திரும்பி வந்து இறங்கலாமே?

எல்லோரும் கேட்கும் கேள்வி இது. அதிகம் பேரைக் கொன்ற யோசனைகளில் இதுவும் ஒன்று என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

எஃப்ஏஏ வெளியிடும் விமானம் ஓட்டும் கையேட்டில் ஒரு கணக்கு உண்டு. 300 அடியில் இன்ஜின் நிற்கிறது. நடந்ததை மூளை ஏற்றுக்கொள்ள 4 வினாடி. பிறகு வினாடிக்கு 3 டிகிரி என்ற சாதாரணத் திருப்பத்தில் 180 டிகிரி திரும்ப ஒரு நிமிடம். சறுக்கும் வேகம் 65 நாட் என்றால், திரும்பி முடிக்கும்போது நீங்கள் ஓடுபாதைக்கு நேராக இருக்க மாட்டீர்கள். 4,200 அடி பக்கவாட்டில் தள்ளி இருப்பீர்கள். ஓடுபாதையை நோக்க இன்னும் 45 டிகிரி திரும்ப வேண்டும். ஆக மொத்தம் 79 வினாடி. நிமிடத்துக்கு ஆயிரம் அடி வீதம் இறங்கினால் 1,316 அடி போயிருக்கும். கையிலிருந்ததோ 300 அடி. கணக்குப்படி நீங்கள் நிலத்துக்கு அடியில் ஆயிரம் அடி ஆழத்தில் இருக்கிறீர்கள்.

‘சரி, இன்னும் சாய்த்து வேகமாகத் திரும்பினால்?’ திரும்பலாம். 45 டிகிரி சாய்த்தால் நேரம் மிச்சமாகும். ஆனால் உயரம் விடாமல் 45 டிகிரி சாய்வில் திரும்பினால் ஸ்டால் வேகம் 19 சதவீதம் ஏறும். 45 நாட்டில் ஸ்டால் ஆகும் விமானம் இப்போது 53, 54 நாட்டிலேயே ஆகும். 60 நாட்டில் சறுக்கிக்கொண்டிருப்பவருக்கு மிச்சம் ஆறேழு நாட்தான். அப்புறம் காற்று. எதிர்காற்றில் கிளம்பியவர் திரும்பியதும் அது பின்காற்று ஆகிறது. தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். வேகம் அதிகமாக இருக்கிறது என்று கண் ஏமாறும். கை ஸ்டிக்கை இழுக்கும். திருப்பம் போதவில்லை என்று கால் உள்பக்க ரட்டரை, அதாவது மூக்கை இடம் வலமாகத் திருப்பும் வால் பலகையின் மிதியை, மிதிக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் ஒரு இறக்கை முதலில் விழும், விமானம் சுழலும். அந்த உயரத்தில் சுழலிலிருந்து மீள முடியாது.

எந்த உயரத்துக்கு மேல் திரும்பலாம் என்பது விமானத்தையும், அன்றைய காற்றையும், உங்கள் கையையும் பொறுத்தது. அதைத் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பயிற்சியாளரோடு மூவாயிரம் அடிக்குப் போங்கள். மேலேறும் நிலையில் சக்தியைக் குறையுங்கள், நான்கு வினாடி சும்மா இருங்கள், பிறகு 225 டிகிரி திரும்பி நேராக்குங்கள். எத்தனை அடி போயிற்று என்று எழுதிக்கொண்டு, அதில் பாதியை மேலே கூட்டுங்கள். அதுதான் உங்கள் எண். அதற்குக் கீழே இன்ஜின் நின்றால் நேர் எதிரே, அல்லது இடம் வலமாக 30 டிகிரிக்குள் எது தென்படுகிறதோ அங்கேதான்.

நடிகர் ஹாரிசன் ஃபோர்டு திரும்ப முயன்று பிழைத்தாரே?

2015 மார்ச் 5. கலிபோர்னியாவின் சாண்டா மோனிகாவிலிருந்து கிளம்பிய சிறிது நேரத்தில் அவருடைய பழைய ரயன் பிடி-22 விமானத்தின் இன்ஜின் சக்தி இழந்தது. அது இரண்டாம் உலகப் போர்க்காலப் பயிற்சி விமானம். எடையில் லைட் ஸ்போர்ட்டைவிடப் பெரியது. அவர் நிலையத்தை நோக்கித் திரும்பத் தொடங்கினார். ஓடுபாதையை எட்ட முடியாது என்று தெரிந்ததும் அந்த எண்ணத்தை விட்டுவிட்டு, பக்கத்திலிருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தில் இறக்கினார். வழியில் ஒரு மரத்தின் உச்சியில் உரசினார். எலும்புகள் முறிந்தன, உயிர் இருந்தது. ஓடுபாதை ஓடுபாதை என்று இழுத்துக்கொண்டே போகாமல், கைக்கு எட்டிய இடத்தில் இறக்கியதுதான் அவரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

விசாரணையில் தெரிந்த காரணம் மிகச் சின்னது. கார்புரேட்டரில் எரிபொருளை அளந்து விடும் ‘ஜெட்’ என்ற சிறு பாகம் திருகு கழன்று இடம் மாறியிருந்தது. எரிபொருள் அளவுக்கு மேல் போய் இன்ஜின் திணறியது. தோள் பெல்ட் பொருத்தப்பட்ட விதம் சரியில்லாததும் காயத்தைக் கூட்டியது. கிளம்புமுன் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்கக்கூடிய கோளாறா அது? இல்லை. எவ்வளவு சோதித்தாலும் ஏதோ ஒரு நாள் இன்ஜின் நிற்கலாம் என்று வைத்துக்கொண்டே கிளம்ப வேண்டும்.

இன்ஜின் ஏன் நிற்கிறது? தடுக்க முடியாதா?

பல சமயம் முடியும். மனசை வலிக்கச் செய்வது அதுதான்.

எரிபொருள் வால்வை மூடி வைத்துக் கிளம்பியவர்கள் உண்டு. ‘மூடியிருந்தால் இன்ஜினே ஓடாதே?’ என்பீர்கள். ஓடும். கார்புரேட்டர் கிண்ணத்திலும் குழாயிலும் தேங்கியிருக்கும் எரிபொருளிலேயே ஸ்டார்ட் ஆகி, ஓடுபாதை வரை ஊர்ந்து போகும். முழு த்ராட்டில் (இன்ஜின் சக்தியைக் கூட்டிக் குறைக்கும் பிடி) கொடுத்ததும் அந்த மிச்சமும் தீரும். அப்போது நீங்கள் மரங்களுக்கு மேலே இருப்பீர்கள். இதே மாதிரி தொட்டியின் அடியில் தேங்கிய தண்ணீர். காலையில் அடிவால்வைத் திறந்து கண்ணாடிக் குப்பியில் பிடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

லைட் ஸ்போர்ட்டில் அதிகம் காணப்படுவது ஆஸ்திரியாவின் ரோட்டாக்ஸ் 912 இன்ஜின். நல்ல இன்ஜின், ஆனால் குளிரில் அவசரப்படுத்தக் கூடாது. ஆயில் 50 டிகிரி செல்சியஸ் வரும்வரை கிளம்பவே கூடாது என்பது கையேட்டு விதி. பிறகு 4,000 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) இரண்டு இக்னிஷனையும், அதாவது தீப்பொறி தரும் அமைப்புகளையும், ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டும். சுற்று 300-க்கு மேல் இறங்கினாலோ, இரண்டுக்கும் வித்தியாசம் 115-ஐத் தாண்டினாலோ, அன்றைக்குப் பறப்பு இல்லை. ‘போன வாரமும் இப்படித்தான் இருந்தது’ என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள்.

வெயில் நாளில் இன்னொன்றும் உண்டு. பறந்து இறங்கி, இன்ஜினை அணைத்து, அரை மணி நேரம் சாப்பிட்டுவிட்டு வருகிறீர்கள். இன்ஜின் மூடிக்குள் இருந்த சூட்டில் குழாயிலுள்ள பெட்ரோல் ஆவியாகிக் குமிழி கட்டியிருக்கும். கார் பெட்ரோல் போட்டிருந்தால் வாய்ப்பு இன்னும் அதிகம். ஸ்டார்ட் ஆன உடனே கிளம்பாமல் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, தடுமாற்றம் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இன்ஜின் நன்றாக ஓடியும் விமானம் ஏறாமல் போகுமா?

போகும். இதில் கொடுமை என்னவென்றால், கெட்டுப்போன பொருள் எதுவுமே இருக்காது.

முதலில் எடை. காலி விமானம் 350 கிலோ என்று வையுங்கள். தலா 90 கிலோவில் இரண்டு பேர், 180. நூறு லிட்டர் பெட்ரோல், 72. மொத்தம் 602. பை, தண்ணீர் பாட்டில் எதுவும் வைக்காமலே வரம்பு தாண்டியாயிற்று. எடை 10 சதவீதம் கூடினால் கிளம்பும் தூரம் குறைந்தது 21 சதவீதம் கூடும். கிளம்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவு பின்காற்று வீசினால், அதாவது நம் விமானத்துக்கு ஐந்து நாட் போல, அதுவும் இன்னொரு 21 சதவீதம். ஈரப்புல் தரை, லேசாகப் பிடித்துக்கொண்டிருக்கும் பிரேக் எல்லாம் இதன்மேல்.

அடுத்தது வெப்பம். டென்வர் பக்கத்தில் சென்டெனியல் விமான நிலையம் 5,885 அடி உயரத்தில் இருக்கிறது. 32 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி ஒன்பதாயிரம் அடிக்கு மேல் இருப்பதைப்போல் ஆகிவிடும். நூறு குதிரைச் சக்தி இன்ஜின் முக்கால்வாசிதான் கொடுக்கும். இறக்கைக்கும் புரொப்பெல்லருக்கும் காற்று மெலிசு. வேகமானியில் அதே எண்தான் காட்டும். ஆனால் அந்த எண் வருவதற்குத் தரையில் அதிக வேகம் தேவை. ஓடுபாதை விறுவிறுவென்று ஓடுவதைப் பார்த்து, போதும் என்று முன்கூட்டியே இழுத்துவிடுவார்கள்.

அப்படி இழுத்தால் விமானம் எழும்பும்! அங்கேதான் பொறி. தரையிலிருந்து ஒரு இறக்கை நீளத்துக்குள் பறக்கும்போது காற்றின் இழுவை குறைவு. தரை மெத்தை மாதிரி தாங்கும். அதைத் தாண்டி ஏற முயலும்போது தாங்கல் போய்விடும். ஏறவும் முடியாமல், இறங்க ஓடுபாதையும் மிச்சமில்லாமல், வேலி எதிரே வரும். செய்ய வேண்டியது, எழும்பியதும் மூக்கைத் தாழ்த்தி, தரையை ஒட்டியே வேகம் சேர்த்து, பிறகு ஏறுவது.

இடது பக்கம் இழுத்துக்கொண்டு ஓடுபாதையை விட்டு வெளியே போவது ஏன்?

புரொப்பெல்லர் சுற்றும் திசையால் முழு சக்தியில் மூக்கு இடது பக்கம் போகும். வலது ரட்டரை மிதித்துச் சரிசெய்ய வேண்டும். கார் ஓட்டிய பழக்கத்தில் கையால் திருப்பப் பார்ப்பது புதியவர்கள் வழக்கம். பக்கக் காற்றும் சேர்ந்தால், இலேசான விமானம் அதை உடனே உணரும். ஒழுங்காக மிதித்துப் பழகினால் பத்து மணி நேரத்தில் கைவந்துவிடும், கால்வந்துவிடும் என்றே சொல்ல வேண்டும்.

கிளம்பும்போது கதவு திறந்துகொண்டால்?

எனக்கு நடந்தது. பயிற்சியின் தொடக்கத்தில், தரையை விட்டு ஐம்பது அடி எழும்பியிருப்போம், என் பக்கக் கதவு படீரென்று விலகியது. காதை அடைக்கும் காற்றுச் சத்தம், மடியிலிருந்த காகிதம் பறந்தது. நான் ஸ்டிக்கை விட்டுக் கதவைப் பிடிக்கப் போனேன். பக்கத்திலிருந்த பயிற்சியாளர் என் கையைத் தட்டி, ‘கதவை விடு, விமானத்தை ஓட்டு’ என்றார். கதவு காற்றின் அழுத்தத்தில் நான்கு விரல் அளவுக்குத்தான் திறந்து அப்படியே நின்றது. வழக்கம்போல் ஒரு சுற்று வந்து இறங்கினோம். கிளம்புமுன் கதவை இழுத்துச் சாத்தியிருந்தேன், ஆனால் தாழ்ப்பாள் விழுந்ததா என்று தள்ளிப் பார்க்கவில்லை. தப்பு முழுக்க என்னுடையது.

பெரும்பாலான விமானங்கள் கதவு திறந்தாலும் பறக்கும். அதை மூடப் போய் வேகத்தைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான் விழுந்திருக்கிறார்கள். மேலே தூக்கித் திறக்கும் கண்ணாடிக் கூரை உள்ள விமானங்களில் விளைவு கடுமையாக இருக்கலாம்; கையேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடிப் படித்து வையுங்கள். ஓடுபாதையில் இருக்கும்போதே திறந்தால், த்ராட்டிலை மூடி நின்றுவிடுங்கள்.

கிளம்புவதைக் கைவிட வேண்டும் என்று எப்படி முடிவு செய்வது?

நடுப்புள்ளிக் கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். ஓடுபாதையின் பாதியில் ஏதாவது ஒரு அடையாளம், ஒரு குறுக்குப் பாதையோ விளக்குக் கம்பமோ. அங்கே வரும்போது எழும்பும் வேகத்தில் 70 சதவீதம் வந்திருக்க வேண்டும். 50 நாட்டில் எழும்பும் விமானம் என்றால் 35. வரவில்லையா, த்ராட்டிலை மூடு, பிரேக். ஏன் வரவில்லை என்ற ஆராய்ச்சியை நிறுத்தும் இடத்துக்குப் போய்ச் செய்யலாம்.

கிளம்புமுன் வாய்விட்டுச் சொல்வது என் வழக்கம்: ‘பாதியில் 35 இல்லையென்றால் நிறுத்துகிறேன். எழுநூறு அடிக்குக் கீழே நின்றால் மூக்கைத் தாழ்த்தி நேராக, அந்த மக்காச்சோள வயல். அதற்கு மேலே என்றால் காற்று வரும் பக்கம் திரும்பல்.’ பத்து வினாடி ஆகும். ஆபத்து வந்தபின் முடிவெடுக்க மூளைக்கு நேரம் கிடைக்காது. தரையிலேயே எடுத்து வைத்த முடிவைத்தான் கை செய்யும். இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மரமோ வேலியோ எதிரே இருந்தால் பிழைக்க வாய்ப்பு உண்டா?

உண்டு, நிறையவே. மெதுவாகப் பறக்கும் குணம் இங்கே கைகொடுக்கிறது. 45 நாட்டில், அதாவது மணிக்கு 83 கிலோமீட்டரில், தரையைத் தொட்டு ஒரே சீராக வேகம் குறைந்தால், ஒன்பது மடங்கு புவியீர்ப்பு விசைக்குள் நிற்க வெறும் 3 மீட்டர் தூரம் போதும். எதிர்காற்று 10 நாட் இருந்தால் 2 மீட்டருக்கும் குறைவு. தோள் பெல்ட் இறுக்கமாக இருந்தால் உடல் தாங்கக்கூடிய அளவு இது. இறக்கை நசுங்கட்டும், சக்கரம் பிய்ந்து போகட்டும். அவை அந்த மூன்று மீட்டரை உங்களுக்குத் தருகின்றன. விமானத்தைக் காப்பாற்ற நினைக்காதீர்கள்.

தொடும்வரை விமானம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், இறக்கைகள் மட்டமாக இருக்க வேண்டும். நேரம் இருந்தால் எரிபொருள் வால்வு, இக்னிஷன் இரண்டையும் அணைத்து, கதவைச் சற்றே திறந்து வையுங்கள். நசுங்கிய சட்டத்தில் கதவு சிக்கிக்கொண்டால் வெளியே வருவது கஷ்டம்.

முழு விமானத்தையும் தாங்கும் பாராசூட் இருக்கிறதாமே?

பல லைட் ஸ்போர்ட் விமானங்களில் உண்டு, உயிர்களைக் காத்தும் இருக்கிறது. ஆனால் ராக்கெட் இழுத்து, துணி விரிந்து, விமானம் தொங்க உயரம் வேண்டும். கிளம்பிய முதல் சில நூறு அடிகளில் அதை நம்ப முடியாது. உங்கள் விமானத்துக்கான குறைந்தபட்ச உயரத்தைக் கையேட்டில் பார்த்து, மேலே சொன்ன வாய்விட்டுச் சொல்லும் வரியில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்துவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

முதலில் ஆட்களை வெளியே எடுங்கள், அவசர உதவிக்கு 911-ஐ அழையுங்கள். பிறகு தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே தகவல். எழுத்து மூல அறிக்கைக்குப் பத்து நாள் அவகாசம். ஆளைக் காப்பாற்ற, மேலும் சேதம் ஆகாமல் தடுக்க, பொதுமக்களுக்கு ஆபத்தைத் தவிர்க்க என்ற காரணங்கள் தவிர, உடைந்த விமானத்தை நகர்த்தக் கூடாது. புரொப்பெல்லர் தரையில் பட்டு வளைந்தது, டயர் போனது போன்றவை மட்டும் என்றால் சட்டத்தின் கணக்கில் அது ‘விபத்து’ ஆகாது. ஆனால் புரொப்பெல்லர் எதிலாவது அடித்தால் இன்ஜினைச் சோதிக்காமல் மறுபடி பறக்காதீர்கள்.

முதல்கட்ட அறிக்கை சில வாரங்களில் வரும். காரணத்தைச் சொல்லும் இறுதி அறிக்கைக்கு ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். அன்று மாலையே ‘இன்ஜின் கோளாறு’ என்று வரும் செய்தியையும், விமானியைக் குறைசொல்லும் பேச்சையும் அதுவரை தள்ளி வையுங்கள். அந்தக் குடும்பமும் அவற்றைப் படிக்கிறது.

என் மகள் கற்றுக்கொள்கிறாள். எனக்கு ஒன்றும் தெரியாது. நான் என்ன கேட்கலாம்?

‘ஜாக்கிரதையாப் போ’ என்று சொல்வதற்குப் பதிலாக இரண்டு கேள்வி கேளுங்கள். இன்றைக்கு மொத்த எடை எவ்வளவு வந்தது? எத்தனை அடிக்குக் கீழே இன்ஜின் நின்றால் நேராக இறக்குவாய்? யோசிக்காமல் எண்ணைச் சொன்னால் நன்றாகத் தயாராகியிருக்கிறாள். ‘அதெல்லாம் பாத்துக்கலாம்மா’ என்று வந்தால், விடாமல் மறுபடி கேளுங்கள்.

நீங்களே பக்கத்து இருக்கையில் போவதானால்: உங்கள் முன்னாலும் ஸ்டிக்கும் ரட்டர் மிதியும் இருக்கும், கால் அதில் படக் கூடாது. கதவைத் திறக்கும் முறையைக் கிளம்புமுன் ஒருமுறை செய்து பாருங்கள். தோள் பெல்ட்டை இறுக்கிக்கொள்ளுங்கள். ஆயிரம் அடி வரும்வரை பேச்சு வேண்டாம். எதிரே வேறு விமானம் தெரிந்தால் மட்டும் சொல்லலாம்.

என் அம்மாவை முதன்முதலாகக் கூட்டிப்போனபோது இதையெல்லாம் சொன்னேன். முந்தானை ஸ்டிக்கில் சிக்காமல் இடுப்பில் செருகிக்கொண்டு, கால் இரண்டையும் இருக்கையோரம் இழுத்து வைத்துக்கொண்டு, அம்மா உயரமானியையே பார்த்தபடி வந்தார். முள் ஆயிரத்தைத் தாண்டியதும் மெதுவாகக் கேட்டார்: ‘இப்பப் பேசலாமா?’